விளக்கம் வேண்டாதவை

சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டி ஐந்து மாடியாக நிற்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் நாற்பத்தோராயிரம் ஃபங்ஷன்கள் தலைமாட்டில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் கிடந்தன என்பதும், அத்தனைக்கும் விளக்கம் எழுத வைக்கும் பொறுப்பு மேகலாவின் தலையில் வந்து விழுந்தது என்பதும், அதனால் யாருக்கு என்ன வந்தது என்பதும்தான் கதை. ஃபங்ஷன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையை வரிசையாக எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்தால் அது ஃபங்ஷன். இது என்ன செய்யும், எதை வாங்கி எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று அதன் தலைமாட்டில் மனிதர்கள் படிப்பதற்காக நாலு வரி எழுதி வைப்பார்கள், அது கமெண்ட். கம்ப்யூட்டர் கமெண்ட்டைத் தாண்டிக்கொண்டு போய்விடும். மனிதர்களும் அப்படித்தான் போனார்கள். வெளிநாட்டுக் கிடங்குகளுக்குப் பதினான்கு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் யாரும் கமெண்ட் எழுதியதில்லை, எழுதாத பாவத்துக்காக யாருக்கும் சோறு இறங்காமல் போனதுமில்லை.

அந்த வருஷம் வெளிநாட்டுக்காரன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு புது வரி சேர்த்தான். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கமெண்ட் இருக்கவேண்டும், நூற்றுக்கு நூறு இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் கையெழுத்து கிடையாது. புராஜெக்ட் மேனேஜர் ரங்கதுரை, வியர்க்காத ஏசி அறையிலும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதர், மேகலாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேகலா, எடிட்டர்ல போடற பிளக்-இன் ஒண்ணு இருக்குதாம். போட்டுட்டா அதுபாட்டுக்கு கமெண்ட் எழுதிக்குமாம். கொஞ்சம் செட் பண்ணிக் குடுத்துருங்க."

"பண்ணிடலாங்க சார். ஆனா அத யாருங்க உக்காந்து படிக்கப் போறாங்க?"

"படிக்கறதுக்கில்லீங்க. எண்ணறதுக்கு."

மேகலா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தவள், அந்தக் கம்பெனியில் சேர்ந்து எட்டரை வருஷம். ஒரு வேலையைக் கொடுத்தால் மறுபடி கேட்கவேண்டியதில்லை என்று பெயர் வாங்கியவள், அந்தப் பெயரைச் சோற்றுக்கு மேலாக வைத்திருந்தவள். பிளக்-இன் என்ற அந்தத் துணைக்கருவியை, ஃபங்ஷன் எழுதும் எடிட்டரில் ஏற்றி அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கமெண்ட் எப்படி இருக்கவேண்டும் என்று அந்தக் கோப்பில் நாம் அச்சு வார்த்துக் கொடுக்கவேண்டும்: வாங்கும் பொருளுக்கு ஒரு வரி, திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வரி, முதல் வரியில் விளக்கம். விளக்கம் என்ற இடத்தில் எல்லாரும் 'இங்கே விளக்கம் எழுதவும்' என்று போட்டு வைப்பார்கள். அதை அப்படியே விட்டால் அதே வாக்கியம் நாற்பத்தோராயிரம் இடத்தில் பல்லிளிக்கும், எண்ண வந்தவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்று யோசித்து, மேகலா அந்த இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டாள். கோப்பின் அடியில் 'விளக்கம் வேண்டாதவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் பெயர் எழுதிய கோப்புகளுக்கு விளக்கம் வராது, வாங்குவது கொடுப்பது மட்டும் வரும். வெளியில் விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேரை அதில் சேர்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு ஓடவிட்டாள்.

பிளக்-இன் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் கோப்புகளிலிருந்து ஆரம்பித்து ஆங்கில அகரவரிசைப்படி போனது. வேகமாகப் போகவில்லை, யோசித்து யோசித்துப் போனது. காலியாக விட்ட இடத்தைக் காலியாகவும் விடவில்லை. கிடங்குத் தொழிலாளிகளின் வருகையைப் பதிவு செய்யும் ஒரு ஃபங்ஷனின் தலையில், தெளிவான தமிழில், இப்படி எழுதியது: 'வேலையாள் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் நேரத்தை இது அளக்கும். ஆறு நிமிஷம் தாண்டினால் பெயர் சிவப்பாகும். இதை எழுதிய சுபத்ராவிடம் எட்டு நிமிஷமாவது கொடுக்கலாமே என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சுபத்ரா ஆறே போதும் என்றாள், அதற்கு அந்த மாதம் மேடையில் கைதட்டு வாங்கினாள். மூன்றாவது கிடங்கில் ஐம்பத்திரண்டு வயது பெண்ணொருத்தி ஏழாவது நிமிஷத்துக்குப் பயந்து போகாமலே இருந்து, பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே உடையை நனைத்துக்கொண்டாள். அவள் பெயர் இன்னும் சிவப்பில் இருக்கிறது.'

ஏன் தமிழில் எழுதியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பெனியில் மெயில் அனுப்புவது ஆங்கிலத்திலும் அழுவதும் வைவதும் தமிழிலும் என்பதால் இருக்கலாம். எப்படி எழுதியது என்று கேட்பவர்களுக்கு அங்கே வேலையும் இல்லை, ஏனென்றால் வியாழக்கிழமைக்குள் எல்லாரும் அதைப் படித்துவிட்டார்கள், படித்தவர்களில் ஒருவரும் இது பொய் என்று சொல்லவில்லை. எல்லா ஃபங்ஷனுக்கும் அது எழுதவில்லை. பத்தில் ஒன்பதுக்கு வாங்குவது கொடுப்பது என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டது. அநியாயம் நடந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்தது. இன்னார் எழுதியதை இன்னார் தன் பெயரில் காட்டினார், இன்னாரை வெளியே அனுப்புவதற்காகவே இந்தக் கெடு வைக்கப்பட்டது, இது தப்பு என்று தெரிந்தே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் அனுப்பப்பட்டது என்று தேதி, கிழமை, மணியோடு எழுதியது. திட்டவில்லை, தீர்ப்பு சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னது, அவ்வளவுதான்.

மனிதர்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ள மாட்டார்கள்? முதல் வாரம் சாப்பாட்டு ஹாலில் பேச்சே எழவில்லை, டிபன் பாக்ஸ் மூடி சத்தம்தான் கேட்டது. இரண்டாம் வாரம் யாரோ மேகலாவின் மானிட்டரில் சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் கட்டினார்கள், தீயணைப்பு விதிக்குப் புறம்பு என்று எச்.ஆர். அதை அவிழ்க்கச் சொன்னது, பொட்டு மட்டும் நின்றது. மூன்றாம் வாரம் கேப் டிரைவர்கள் வண்டியில் ஏறுகிறவர்களிடம் "இன்னிக்கு யார் பேருங்க வந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காளப்பட்டி பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் சினிமாவை விட்டுவிட்டு இதைப் பேசினார்கள். கம்பெனிக்குள் ஒரு இரண்டு மாதம் யாரும் யார் வேலையையும் திருடவில்லை. அதற்குப் பிறகு கெட்டிக்காரர்கள் அநியாயத்தை எல்லாம் மீட்டிங்கில் வாயால் செய்யக் கற்றுக்கொண்டார்கள், வாய்ப்பேச்சுக்குத்தான் கமெண்ட் கிடையாதே. பழைய பாவம் மட்டும் கோப்புகளில் எழுத்தாக உட்கார்ந்திருந்தது, அகரவரிசையில் அதன் முறை வரும்வரை காத்திருந்தது.

வெளிநாட்டுக்காரன் அனுப்பிய ஆள் வந்து அதுவரை முடிந்ததை எண்ணிப் பார்த்து, எட்டெழுத்துக் கடவுச்சொல் அளவுக்குக்கூடத் தமிழ் தெரியாதவன், இவ்வளவு நீளமான கமெண்ட்டுகளை எந்த ஊர்க் கம்பெனியிலும் பார்த்ததில்லை என்று பாராட்டி மெயில் போட்டான். மேலிடத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பிளக்-இன்னில் கைவைக்கக்கூடாது, ஓடட்டும் என்று உத்தரவு வந்தது.

பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து முன்னே பின்னே அனுப்பப்பட்டவர்கள், பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது நாற்காலி இல்லாமல் போனவர்கள், தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்லி யாரும் நம்பாமல் போனவர்கள், ரிசப்ஷனில் வந்து நின்று 'நான் எழுதின ஃபங்ஷன் ஒண்ணு இருக்குதுங்க, அது என்ன சொல்லுதுன்னு பாக்கணுங்க' என்று கேட்டார்கள், குறி கேட்க வந்தவர்கள் மாதிரி. விரட்ட முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்ததும் எச்.ஆர். வியாழக்கிழமை மூன்றிலிருந்து நாலு வரை டோக்கன் போட்டது. தரைத்தளத்தில் ஒரு அறை, ஒரு பெரிய திரை, நாலு நாற்காலி. வருகிறவரின் கோப்பை மேகலா திறந்து காட்டவேண்டும். அநியாயம் நடந்தது என்று பிளக்-இன் எழுதியிருந்தால், அவருடைய பழைய விடுவிப்புக் கடிதத்தைத் திருத்தி, முத்திரை போட்டு, 'இவர்மீது குற்றமில்லை' என்று எச்.ஆர். ஒரு கடிதம் கொடுக்கும். மன்னிப்பு கிடையாது, நஷ்டஈடு கிடையாது, கடிதம்தான். அதற்கே சிலர் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஃபோனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வதால், திரையில் இருப்பதை டிஷ்யூ பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படியாக மேகலா பெரிய மனுஷியானாள். அமைப்புக் கோப்பு அவள் கையில் இருந்தது, 'விளக்கம் வேண்டாதவை' பட்டியல் அவள் கையில் இருந்தது. யாருடைய முறை எப்போது வரும் என்று அகரவரிசை தெரிந்த எல்லாருக்கும் தெரியும் என்பதால், முறை நெருங்க நெருங்க ஆட்கள் அவளிடம் வந்து காதோடு பேசினார்கள். ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு வரி, பட்டியலில் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். ரங்கதுரையே வந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார், 'ஆகாதுங்க சார்' என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மேகலாகிட்ட பருப்பு வேகாது என்ற பேச்சு ஐந்து மாடிக்கும் பரவி, கேட்டைத் தாண்டி வெளியேயும் போனது.

சுபத்ரா கேட்டதுதான் கஷ்டம். சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிட்டவள், மேகலாவின் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லாமல் நின்றபோது முன்னால் வந்து போட்டவள். பின்னால் வரும் எழுத்துகளில் வருகைக் கோப்புகள் இன்னும் நாலு பாக்கி இருந்தன, நாலும் சுபத்ரா எழுதியவை.

"மேகி, ஏற்கெனவே ஊரே காறித் துப்புது. வீட்ல எங்க மாமியா 'அந்தப் பொம்பள நனைச்சுக்கிட்டாளாமே'ன்னு தெனமும் கேக்குறாங்க. மிச்சம் நாலயாச்சும் அந்த லிஸ்ட்ல போட்டுடு. உன்ற கையப் புடிச்சுக் கேக்கறேன்."

"உப்புத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான ஆகோணும் சுபா," என்றாள் மேகலா. "இன்னிக்கு உனக்குப் போட்டா நாளைக்கு ஒவ்வொருத்தருக்கும் போடோணும். அப்புறம் இது எதுக்கு?"

சொன்னது நியாயம்தான். சொல்லும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அது நியாயமல்ல. அடுத்த வாரம் நாலு கமெண்ட்டும் வந்தன, அதற்கடுத்த வாரம் சுபத்ரா வேலையை விட்டாள், போகும்போது மேகலாவின் இருக்கைப் பக்கம் வரவில்லை. கூட்டாளிக்கே விட்டுக்கொடுக்காதவள் என்று ஜனங்கள் மேகலாவைப் பார்த்து எழுந்து நிற்காத குறையாக மரியாதை செய்தார்கள். அவள் அந்த மரியாதையோடு வீட்டுக்குப் போனாள், வந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கியவர்களின் பெயர்கள் எச்.ஆரிலிருந்து வந்தன. இரண்டாவது பெயர் எபினேசர். கோப்பு: வேர்ஹவுஸ், குளிர்கிடங்கு எச்சரிக்கை.

எபினேசரை மேகலாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து இருக்கை. கணபதியில் வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற ஆறு நாளும் அந்த நாற்காலி. அன்றைக்கு வெளிநாட்டுக்காரன் தன்னுடைய சர்வருக்குள் போக இரண்டே இரண்டு லாகின்தான் கொடுத்திருந்தான், ஒன்று ரங்கதுரையிடம், ஒன்று எபினேசரிடம். அதனால் இருபது பேரும் தங்கள் வேலையை எபினேசர் இருக்கையில் போய் உட்கார்ந்துதான் ஏற்றுவார்கள். 'எபி அண்ணன் சிஸ்டத்துல போட்டுடு' என்பதுதான் அந்த மாடியில் ஒரு நாளைக்கு அதிகம் கேட்ட வாக்கியம். அவரும் எழுந்து இடம் கொடுப்பார், இல்லாதபோது உட்கார்ந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். யார் எதை ஏற்றினாலும் சர்வர் பதிவில் எபினேசர் என்றுதான் விழும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், மருந்துக் கிடங்கு ஒன்றில் குளிர்ப்பதனம் நின்றுபோய், அடிக்கவேண்டிய எச்சரிக்கை மணி பத்தொன்பது மணி நேரம் அடிக்காமல், உள்ளே இருந்த மருந்து அத்தனையும் கெட்டுப்போனது. வெளிநாட்டுக்காரன் ஒரு பெயர் கேட்டான். பதிவில் ஒரு பெயர் இருந்தது. அன்று சாயங்காலமே எபினேசரிடமிருந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், விடுவிப்புக் கடிதத்தில் 'கடும் கவனக்குறைவு' என்று எழுதினார்கள், அந்த வார்த்தையைப் பார்த்த எந்தக் கம்பெனியும் அவரை வாசலுக்குள் விடவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டு, லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. மணியடிக்கும் வரியைத் தான் தொடவே இல்லை என்று எட்டு வருஷமாக ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்வி.

பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மேகலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், நல்ல மனுஷன், இப்போதாவது அவருக்கு ஒரு கடிதம் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தாள். டபிள்யூ எழுத்து கடைசியில் வருவது, அதன் முறைக்கு இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். ஆகவே வியாழக்கிழமைக்குள் தயாராக இருக்கட்டும் என்று, மறுநாள் செவ்வாய் காலை, வரிசையை மீறி அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாகத் திறந்து ஓடவிட்டாள். அது எழுதத் தொடங்கியதும் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

'கிடங்கு சூடேறினால் மணி அடிக்கச் செய்வது இதன் வேலை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு எபினேசர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் மேகலா உட்கார்ந்தாள். சோதனை செய்யும்போது மணி விடாமல் அடித்துத் தொந்தரவு செய்ததால், மூன்றாவது வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, கம்ப்யூட்டர் தாண்டிப் போகும் கமெண்ட்டாக்கி அதை ஊமையாக்கினாள். எடுக்க மறந்து, அப்படியே ஏற்றிவிட்டு எழுந்து போனாள். எபினேசரை அனுப்பிய அன்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த மாதம் அவளுடைய வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அவள் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.'

மேகலா இரண்டு முறை படித்தாள். பொய் என்று சொல்ல வாய் வந்தது, சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அவளுக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது, மணிச்சத்தம் ஞாபகம் வந்தது, சாம்பார் கை என்று சுண்டுவிரலால் சாய்கோட்டை அழுத்தியது ஞாபகம் வந்தது. எட்டு வருஷமாக அந்தக் கோப்பு இருக்கும் பக்கம் ஒரு வேலைக்கும் தான் போனதே இல்லை என்பதும், அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது என்பதும் வரிசையாக ஞாபகம் வந்தன. அழவில்லை. பயந்தாள். நன்றாகவே பயந்தாள்.

கமெண்ட்டை அழித்தாள். மறுபடி ஓடவிட்டபோது ஒரு எழுத்து மாறாமல் அதையே எழுதியது. விளக்கம் என்ற இடத்தில் ஒரு வாக்கியத்தைப் போட்டுப் பார்த்தாள், அந்த வாக்கியத்துக்குக் கீழே அதையே எழுதியது. பிளக்-இன்னைக் கழற்றி எறிந்துவிட்டால் ஐந்து மாடியும் ஏன் என்று கேட்கும். கடைசியில் அமைப்புக் கோப்பின் அடிக்குப் போனாள்.

சுபத்ராவுக்கு மறுத்த அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கு நாலு விநாடி ஆனது. அந்த நாலு விநாடிக்கு முன்னால் அரை மணி நேரம் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்: வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது, மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் கம்பெனி இன்ஷூரன்ஸில் போகிறது, எபி அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு, கடிதம் கிடைத்தால் மட்டும் இந்த வயதில் யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள், கடை நன்றாகத்தான் ஓடுகிறதாம். எல்லாக் காரணமும் உண்மை, ஒன்றும் நியாயமில்லை. சுபத்ராவுக்கும் இதே மாதிரி நாலு காரணம் இருந்திருக்கும், மேகலா அவளைச் சொல்லவிடவில்லை. சேர்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். வாங்குவது: வெப்பநிலை. கொடுப்பது: ஆம் அல்லது இல்லை. அதோடு நின்றது. அந்தப் பட்டியலை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள், மேகலா சேர்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஐந்து மாடிக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு எபினேசர் வந்தார். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, அதன் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார், ஃபாரம் நிரப்பும் பழக்கம். கூடவே அவர் மனைவி கிறிஸ்டல் வந்திருந்தாள். இவரை நம்பியதற்காகத் தன் அண்ணன் தம்பிகளோடு எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவள், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தாள். கிடைக்கப்போகும் கடிதம் மடங்காமல் இருக்கவேண்டும் என்று கடையிலிருந்தே புதிதாக எடுத்து வந்திருந்தாள்.

"மேகலா, நல்லா இருக்கீங்ளா? எவ்வளவு வருஷமாச்சு," என்றார் எபினேசர். "டோக்கன் குடுத்த பொண்ணும் சொல்லுச்சு, நீங்கதான் இதுக்கெல்லாம் இப்பப் பெரிய ஆளுன்னு. கேட்டதும் சந்தோசமா இருந்துச்சுங்க."

"வாங்கண்ணா. உக்காருங்க. அக்கா, நீங்களும் உக்காருங்க."

எச்.ஆர். பெண் ஓரத்தில் கடிதத்தாளும் முத்திரையுமாக உட்கார்ந்திருந்தாள். மேகலா கோப்பைத் திறந்தாள். பெரிய திரையில் ஃபங்ஷன் வந்தது, அதன் தலைமாட்டில் இரண்டு வரி வந்தது. எபினேசர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்ளா?"

"இல்லீங்கண்ணா."

"கீழ எங்கியாச்சும்?"

மேகலா கோப்பின் கடைசிவரை இறக்கிக் காட்டினாள். மூன்றாவது வரி பளிச்சென்று இருந்தது, அந்த இரண்டு சாய்கோட்டை எட்டு வருஷத்துக்கு முன்பே யாரோ எடுத்திருந்தார்கள்.

"அநியாயம் ஒண்ணும் நடக்கலீன்னா இப்பிடித்தானுங்க சார் வரும்," என்றாள் எச்.ஆர். பெண், அவளுக்கு இருபத்திரண்டு வயது, பழைய கதை ஒன்றும் தெரியாது. "அப்ப லெட்டர் எதுவும் வராதுங்க." முத்திரையை டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

கிறிஸ்டல் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்தாள். "ஏங்க, யாராச்சும் வேணும்னே மறைச்சிருப்பாங்களா? அப்பிடி மறைக்க ஒரு லிஸ்ட் இருக்குதுன்னு சொன்னீங்கள்ல?"

மேகலா கோப்பை மறுபடி மேலே ஏற்றினாள்.

"சும்மா இரும்மா," என்றார் எபினேசர். "அந்த லிஸ்ட் மேகலா கையில இருக்குது. கூடத் தின்னு கூடப் பழகுன கூட்டாளி வந்து கெஞ்சுனப்பவே போடமாட்டேன்னுச்சாம். கடைக்கு வர்றவனெல்லாம் சொல்றான். மேகலா அப்பிடியெல்லாம் பண்ணாது."

அவர் திரும்பவும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முட்டி இரண்டையும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் போட்டிருக்கறேன் போலிருக்குது," என்றார்.

கிறிஸ்டல் அவரைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அண்ணன்களிடம், பக்கத்து வீட்டில், கோயிலில், எல்லாரிடமும் அவருக்காக வாதாடியவள், இப்போது வாதாடுவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் உறையை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், கைப்பைக்குள் திணித்தாள். "பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்று எச்.ஆர். பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் வழி காட்டக் கூடவே போனாள், அறையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

இப்போது சொல்லலாம். சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று மேகலாவுக்குத் தெரிந்தது. ஒரு வரியை எடுத்தால் போதும், நாலு விநாடி. வாயைத் திறந்தாள்.

"மேகலா," என்று எபினேசர் முந்திக்கொண்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. கர்த்தருக்கு முன்னால சொல்றேன், இத்தன வருஷமா நான் மனசுக்குள்ள உங்களத்தான் நெனச்சுட்டிருந்தேன். அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு வரும்போது உங்க கைக்குட்டை என் மேஜையில கெடந்துச்சு. அத வெச்சு நானா ஒரு கத கட்டிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல, கிறிஸ்டல்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவ உங்களக் கரிச்சுக் கொட்டாத நாளில்ல. ஒரு புள்ளையோட பேரை இப்பிடி நாசம் பண்ணீட்டனேன்னு இப்பத்தான் ஒறைக்குது. என்னை மன்னிச்சுருங்க."

"ஐயோ, பரவாயில்லீங்கண்ணா."

"அப்பிடிச் சொல்லாதீங்க. எங்கள்ல, மன்னிப்புன்னா வாய் தெறந்து சொல்லோணும். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. நான் போயிடறேன்."

அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். வெளியே குழாயில் தண்ணீர் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது, கிறிஸ்டல் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டனுங்கண்ணா," என்றாள் மேகலா. குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எபினேசரின் முகம் தெளிந்தது. அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, வாசலில் கண் சிவந்து நின்ற மனைவியைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார். எச்.ஆர். பெண் உள்ளே வந்து உட்கார்ந்து மூன்றாவது டோக்கனைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். வரச் சொல்லு என்று மேகலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.